பின்னால் நடந்துபோகிறவர்

புதுப்பித்து வெளியிடும் பழைய படங்களின் டிவிடிகளைப் பார்த்து, யாருக்கும் வளைந்துகொடுக்காமல் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுவது மகளின் வேலை. இன்றைய படத்தில், தெருக் காட்சியில், நாயகிக்குப் பின்னால் குடையோடு நடந்துபோகிறவர் அப்பா. அவர் இறந்தபின், அவர் நடமாடுவதை அம்மா பார்ப்பது பழைய கேசட்டின் அந்த மங்கலில்தான்.

"இந்தத் தடவையாவது முகம் தெரியுமாடி?"

"மீசை முடியைக்கூட எண்ணலாம்மா."

எண்ண முடிந்தது. ஆனால் அது வேறு யாரோ.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"பாவிங்க, உங்கப்பா முகத்தையே மாத்திட்டானுங்களேடி!"

மகள் படத்தை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா. சொதப்பிட்டானுங்க."

"அப்ப எழுது. சும்மா விடாதே."

எழுதினாள்: 'பின்னணி முகங்கள் நம்பும்படி இல்லை. பழைய கேசட் வைத்திருப்பவர்கள் தூக்கிப்போட வேண்டாம்.'