வெளியே ஒரு தோழர்

"சார், அந்தக் காகித ஆலை ஃபிட்டர் இன்னிக்கும் வந்து உட்கார்ந்திருக்கார். இதோட மூணு நாள்."

உதவியாளர் சொன்னதும் தொழில்துறை அமைச்சரின் முகம் சுருங்கியது.

"என்ன வேணுமாம்?"

"கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். 'தோழர் வந்திருக்கார்னு சொல்லுங்க, போதும்'கிறார்."

சொன்னால்தான் தெரியுமா என்ன? ஆலையை மூடும் ஃபைல் மேசைமேல் கிடந்தது. கெஞ்சத்தான் வந்திருப்பார்.

அமைச்சர் மார்க்சியப் பொருளாதாரம் சொல்லித்தரும் பேராசிரியராக இருந்த காலத்தில், சாயங்காலம் ஆனால் ஆலை வாசல் டீக்கடையில் இந்த ஃபிட்டரோடுதான் அரட்டை. அந்த முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல அமைச்சருக்குத் தெம்பில்லை. மேடையில் முழங்குவது வேறு.

சட்டென்று ஃபைலைப் பிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

"இதை உடனே அனுப்புங்க. பத்திரிகைக்கும் கொடுத்துடுங்க. ரெண்டும் போனப்புறம் அவரை உள்ளே விடுங்க."

இனி 'என் கையை மீறிப் போயிடுச்சு, தோழர்' என்று சொன்னால் அது பொய்யாகாது. பெரிய சாமர்த்தியம்தான்.

அரைமணி கழித்து ஃபிட்டர் வந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம், தோழர்," என்றபடியே ஒரு தடித்த நோட்டை நீட்டினார்.

"என்ன இது?"

"தொழிலாளிங்களே ஆலையை நடத்தலாம்னு புத்தகம் எழுதினீங்களே, ஊரே சிரிச்சுதே! நாங்க ஒரு வருஷமா ஷிஃப்ட் முடிஞ்சு உட்கார்ந்து, நம்ம ஆலைக்கே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மெஷின், காகிதக் கூழ், விற்பனை, எல்லாம் சேர்த்து. சரியா வருது, தோழர்! நீங்க சொன்னது நிஜம்தான்!"

அமைச்சர் பக்கங்களைப் புரட்டினார். கிரீஸ் விரல் பதிந்த பக்கங்கள். குறை கண்டுபிடித்தே பேர் வாங்கிய மனுஷருக்கு, ஒரு குறையும் அகப்படவில்லை. அவசரப்பட்டுவிட்டோமே!

"இதை... முதல் நாளே சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"நீங்களே ஆயிரம் வேலையில இருக்கீங்க. நிதானமா படிங்க, ஒண்ணும் அவசரமில்ல." ஃபிட்டர் சிரித்தார். "மூடிடுவாங்களோன்னு பசங்கதான் பதறுறாங்க. 'ஃபைல் நம்ம தோழர் மேசையில இருக்குடா, நிம்மதியாத் தூங்குங்க'ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."