விமலாவுக்குக் கல்யாணம்

கிருஷ்ணவேணி யாரையும் கேட்காமல் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள்.

வெல்ல வாசனை பிடித்து அண்ணி அம்மணி சமையற்கட்டு வரை வந்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

அது அந்த வீட்டில் புதிதில்லை. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் குடும்பத்தோடு கிருஷ்ணவேணி இருந்த இத்தனை வருஷத்தில், உப்பு இருக்கிறதா, துணி காய்ந்ததா, தண்ணீர் பிடித்தாயிற்றா என்பதற்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பேச்சு கொஞ்சம் நீண்டால் எல்லாருக்கும் குரல் தணிந்துவிடும். கண்ணாடிச் சாமானை எடுத்து வைக்கிற ஜாக்கிரதை வந்துவிடும்.

முப்பத்தெட்டு வயதுக்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

விமலாவோடுதான் அவளுக்குப் பேச்சு.

விமலா, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் கதாநாயகி. வெள்ளிக்கிழமை வாங்குகிற பத்திரிகை அண்ணன், அண்ணி, பிள்ளைகள் என்று சுற்றி, அட்டை கிழிந்து, செவ்வாய்க்கிழமைதான் கிருஷ்ணவேணியின் கைக்கு வரும். ஒன்றரை வருஷமாக அவளுக்கு வாரம் என்பது செவ்வாயில்தான் தொடங்கியது.

விமலாவுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். கோபம் வந்தால் சோறு இறங்காது. இடி என்றால் இன்னும் பயம். அவள் டைபாய்டில் படுத்த மூன்று வாரமும் கிருஷ்ணவேணி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று கடைசி அத்தியாயம். வைகாசி முகூர்த்தத்தில் விமலாவுக்குக் கல்யாணம். தாலி ஏறுகிறபோது அவளைப் பெற்றவள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அந்த வரியைக் கிருஷ்ணவேணி நாலு தடவை படித்தாள். அடியில் ‘முற்றும்’ என்று போட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

அதற்குத்தான் பாயசம்.

அண்ணன் பாண்டுரங்கன் மத்தியானப் பாசஞ்சரில் வந்து இறங்கினார். மல்லாட்டைக் கடலை மூட்டை புக்கிங் விஷயமாகத் திண்டிவனம் போவதாகச் சொல்லிவிட்டு விடியற்காலையில் புறப்பட்டவர். இடுப்பில் புது வேட்டி இருந்தது. கழுத்தோரம் காய்ந்த சந்தனம். கிருஷ்ணவேணி பார்த்தாள், கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கும் கேட்கிற பழக்கம் போய்விட்டிருந்தது.

தட்டைப் போட்டு, சோற்றுக்கு முன்னால் கிண்ணத்தில் பாயசத்தை வைத்தாள். அண்ணனின் கை அப்படியே நின்றது.

"எதுக்கும்மா பாயசம்?"

"கல்யாணமாச்சே. அதான்."

அவர் முகம் வெளுத்தது. "யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. பத்திரிகையில பார்த்தேன்."

பாண்டுரங்கன் மனைவியின் பக்கம் திரும்பினார். "பெட்டியில வெச்சுப் பூட்டுன்னு சொன்னேனா இல்லியா?"

"பூட்டித்தாங்க வெச்சேன்" என்றாள் அம்மணி.

அலமாரி மேலே கிடக்கிற பத்திரிகையை எதற்குப் பூட்ட வேண்டும் என்று கிருஷ்ணவேணிக்கு விளங்கவில்லை.

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லாத்தான் பண்ணாங்க. மாப்பிள்ளை ஓமந்தூரு, பள்ளிக்கூட வாத்தியாரு. பொண்ணு அப்படியே உன்னாட்டம் இருக்குதும்மா. நான் ஓரமா நின்னு அட்சதை போட்டுட்டு வந்துட்டேன். உன்னையும் இட்டுக்கினு போயிருக்கணும். டாக்டர் சொன்னதுக்குப் பயந்துக்கினு..."

கிருஷ்ணவேணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பிரசவமான கையோடு அவளுக்குச் சித்தம் கலங்கிப்போயிற்று. திண்டிவனத்திலிருந்து புகுந்த வீட்டார் வந்து, பதினாறு நாள் பெண்குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஆறு மாதம் கழித்து அவள் தெளிந்தபோது, குழந்தைப் பேச்சை எடுத்தால் மறுபடி கலங்கிவிடும் என்றார் டாக்டர். யாரும் எடுக்கவில்லை. கேட்டால் அழுகை வரும், அழுதால் கலக்கம் திரும்பிவிட்டது என்பார்கள் என்று அவளும் எடுக்கவில்லை.

இப்போது அண்ணனும் அண்ணியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழுகை வருகிறதா என்று அவளும் பார்த்தாள். வரவில்லை. காலையில் மணையில் உட்கார்ந்திருந்த தன் பெண்ணை மனசில் கொண்டுவரப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தது விமலா.

"அண்ணா" என்றாள். "பத்திரிகையில பொண்ணு பேரு என்னன்னு போட்டிருந்தாங்க?"

பாண்டுரங்கன் நிமிர்ந்தார். அதைக்கூடத் தாங்கள் அவளிடம் சொன்னதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"காந்திமதி."

காந்திமதி என்று அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.