பீரோவுக்குள் போன வைஃபை பெட்டி

ஒரு வீட்டுக்கு இரண்டு கொம்பு வைத்த வைஃபை பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் தணிகாசலம் நான்கு கடை ஏறி இறங்கி, கையைக் கடிக்காத விலையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. கடைசி அறைவரை சிக்னல் எட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மட்டமான சரக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகக் கூடாதே என்பதுதான் பெட்டியின் கவலை.

ஆனால் தணிகாசலம், தூசி படும், பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று அதை இரும்பு பீரோவுக்குள் வைத்தார். ஒயர்களை மட்டும் இடுக்கு வழியாக வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பீரோ அண்ணே, நான் கத்துறது வெளியே கேட்குமா?"

"கேட்காதுடா தம்பி. என்னைத் தாண்டி ஒண்ணும் போகாது. பட்டுப்புடவைங்களோட பயமில்லாம இரு" என்றது பீரோ பெருமையாக.

பெட்டி உடம்பு கொதிக்கக் கொதிக்கக் கத்திப் பார்த்தது.

"கடைசி ரூம்ல ஒரு கோடுகூட வரலைங்க! மலிவா வாங்கினா இப்படித்தான்" என்று தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி வெளியே அலுத்துக்கொண்டாள்.

மறுநாள் கதவு திறந்தது. அப்பாடா, வெளியே வைக்கப் போகிறார் என்று பெட்டி நினைத்தது. தணிகாசலமோ அதை எடுத்துக் கடைப் பையில் போட்டார். பையிலிருந்து எட்டிப் பார்த்த பெட்டி விறைத்துப் போனது. ஆறு கொம்பு வைத்த, மூன்று மடங்கு விலையுள்ள புதுப் பெட்டி ஒன்றை அவர் அதே பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி அறை எந்தப் பக்கம்?" என்று புதுப் பெட்டி பீரோவிடம் மிடுக்காகக் கேட்கும்போதே கதவு மூடிக்கொண்டது.