திவ்யாவின் காதில்

“ஐசக்கு, திவ்யா காதுக்கு அவ குரல் போவுதா இல்லியா? ரெண்டு பாட்டுலயும் சுருதி வெலகிப்பூடுச்சே.”

கீபோர்டை விட்டு எழுந்து வந்து, மேடையோரம் ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த ஐசக்கிடம் கேட்டான் கதிர்வேல். பெருநகர் அம்மன் கோயில் திருவிழா. மேடையில் மிமிக்ரி நடந்துகொண்டிருந்தது.

“போவுதுண்ணா.” ஐசக் தலை நிமிரவில்லை.

தன் இசைக்குழுவில் பாடுகிறவர்களுக்கு கதிர்வேல் போன மாதம்தான் புது இயர்பீஸ் வாங்கியிருந்தான். இத்தனை இரைச்சலில் பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது. அதைக் காதில் மாட்டிக்கொண்டால், யாருக்கு எது வேண்டுமோ அதை ஐசக் தனித்தனியாக அனுப்புவான்.

திவ்யா சில மாதம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடி பாட வந்திருந்தாள். கதிர்வேல் அவளிடம் போனான்.

“இன்னாம்மா ஆச்சு? சரணத்துல லேட்டா எடுக்கற. காதுல கேக்குதா?”

“நல்லாவே கேக்குதுண்ணா. அடுத்தது சரியா பாடிடறேன்.”

அடுத்தது டூயட். பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் அவள் எடுக்க வேண்டிய இடம் வந்தபோது, திவ்யா இயர்பீஸை விரலால் அழுத்தியபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். கூடப் பாடிய ஸ்ரீராம்குமார் அவள் வரியையும் தானே பாடிச் சமாளித்தான். முன்வரிசையில் விழாக் கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும் கதிர்வேல் அவளை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனான்.

“நீ கொஞ்ச நாள் வூட்லயே இரும்மா. அடுத்த புரோகிராமுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

திவ்யாவின் கண் நிறைந்துவிட்டது. பின்னாலேயே ஐசக் ஓடி வந்தான்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. அவங்க குரல நான் அனுப்பவே இல்ல. அவங்கதான் வேணாம்னாங்க.”

“தன் குரல் கேக்காம எப்டிடா பாடுவாங்க? அப்பறம் காதுல இன்னாத்த கேட்டுக்கினு நின்னா?”

ஐசக் திவ்யாவைப் பார்த்தான். அவள் இயர்பீஸைக் கழற்றி நீட்டினாள். கதிர்வேல் அதை வாங்கிக் காதில் வைத்தான்.

தாளமும் இல்லை, பாட்டும் இல்லை. பின்னால் நிறுத்தியிருந்த குழுவின் வேனுக்குள், ஐசக் வைத்திருந்த மைக்குக்குப் பக்கத்தில், “தோ, அம்மா வந்துடும்டா செல்லம்” என்று டிரைவர் சாம்சன் கெஞ்சிக்கொண்டிருக்க, திவ்யா ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்த கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

“போய்ப் பாலு குடும்மா, நீ வர்ற வரைக்கும் நான் கீபோர்டு வாசிச்சிக்கினு கீறேன்” என்று சொல்லிவிட்டு மேடையேறினான் கதிர்வேல்.