லவெல் கல்லா, கின்னலி கல்லா

டெர்வ்லா தன் வீட்டுக் குளியலறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள். வெயில் கல்லறைக் கல்லின்மேல் பக்கவாட்டில் விழுந்தது. தேய்ந்துபோன எழுத்துகள் நிழல் கட்டிக்கொண்டு எழும்பத் தொடங்கின.

கல்லுக்கு இடப்பக்கம் மாலக்கி லவெல் நின்றார். வலப்பக்கம் அட்ராக்டா கின்னலி.

இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது. இருவருக்கும் இந்தக் குழிதான் வேண்டும். குழியில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு சவப்பெட்டிக்கான இடம்.

அயர்லாந்தின் மேற்கே, எங்கள் மேயோ கரையில் உப்புக்காற்றுக்குத் தப்பிய கல் குறைவு. இந்தக் கல்லில் இருந்த பெயரைப் படித்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. உள்ளே இருப்பது எங்கள் ஆள் என்றார்கள் லவெல் வீட்டார். இல்லை, எங்கள் ஆள் என்றார்கள் கின்னலி வீட்டார்.

ஒவ்வொரு வருடமும் கல்லறை ஞாயிறன்று இரு குடும்பமும் இரண்டு பக்கமும் முழங்காலிட்டு, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஜெபமாலை சொல்லும். ஒரு வீட்டார் வைத்த பூ மறுநாள் காலை மதிலுக்கு வெளியே கிடக்கும்.

மாலக்கியும் அட்ராக்டாவும் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. மழை தூறுகிறது என்பதைக்கூட மூன்றாம் ஆள் மூலமாகத்தான் தெரிவித்துக்கொள்வார்கள்.

கடைசியில் பங்குத்தந்தைக்கு அலுத்துப்போனது. கல்லில் யார் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டுக்கே குழி என்று சொல்லிவிட்டார். ஊர் வரலாற்றுச் சங்கத்தை நடத்தும் டெர்வ்லாவை அழைத்தது அதற்காகத்தான்.

"அந்தம்மாகிட்ட சொல்லு டெர்வ்லா, இப்பவே மனசத் தேத்திக்கச் சொல்லு," என்றார் மாலக்கி.

தன் மனசு நன்றாகத்தான் இருக்கிறது, அந்த மனுஷரைத் தொப்பியைக் கழற்றச் சொல், படுத்திருப்பது தன் முன்னோர் என்று அட்ராக்டாவும் டெர்வ்லாவிடமே சொன்னார்.

டெர்வ்லா கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். தூண்டில் முள் மாதிரி ஒரு எழுத்து வந்தது. ஜே.

லவெல் வீட்டு மூதாதையரில் ஒரு ஜேம்ஸ் உண்டு. கின்னலி வீட்டில் ஒரு ஜான். இருவரும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மற்ற எழுத்துகளும் வந்தன. டெர்வ்லா ஒருமுறை தனக்குள் வாசித்துப் பார்த்துவிட்டு, பிறகு சத்தமாக வாசித்தாள்.

"ஜாஸ்பர் நட்டல். ஜமீன் காரியஸ்தர்."



நட்டலைத் தெரியாதவர்கள் எங்கள் கரையில் இல்லை. பெரும் பஞ்சத்துக்கு மறுவருடம், வாடகை தரவில்லை என்று ஆள் வைத்துக் கூரைகளை இடித்தவன். லவெல் வீட்டைக் காலையில் இடித்தான், கின்னலி வீட்டை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மாலக்கி வீட்டில் கடிக்கிற நாய்க்கெல்லாம் வழிவழியாக நட்டல் என்றுதான் பெயர். அட்ராக்டா வீட்டில் பால் திரிந்தால், நட்டல் எட்டிப் பார்த்துவிட்டான் என்பார்கள்.

அட்ராக்டா கல்லைப் பார்த்தார். பிறகு தன் முழங்கால்களைப் பார்த்தார்.

"எழுபது வருஷமா மழையில முட்டி போட்டது இவனுக்கா?"

அதை யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மாலக்கிதான் பதில் சொன்னார்.

"நீ மட்டுமா? நரகத்துல கிடந்தவன நம்ம ரெண்டு வீடும் சேர்ந்து தள்ளித் தள்ளி மோட்சத்துல கொண்டுபோய் விட்டிருக்கோம்."

இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சொன்ன ஜெபத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று பங்குத்தந்தையைக் கேட்க வேண்டும் என்றார் அட்ராக்டா. நட்டல் கைக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை என்றார் மாலக்கி. அட்ராக்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு குழி விவகாரம் வந்தது. மாலக்கி பெரிய மனது பண்ணி, கல் கின்னலி வீட்டுக்கே இருக்கட்டும் என்றார். அட்ராக்டா ஒத்துக்கொள்ளவில்லை. லவெல் வீட்டுப் பூங்கொத்துதான் எப்போதும் பெரியது, உரிமையும் அவர்களுக்குத்தான் என்றார். கல் கின்னலி பக்கமாகச் சாய்ந்திருப்பதை மாலக்கி சுட்டிக்காட்டினார். அதுவரை சேர்த்து வைத்திருந்த சான்றுகளை எல்லாம் ஒருவருக்கொருவர் தாரை வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவில் இருவருமே வேண்டாம் என்றார்கள். மேட்டில் புதிதாகத் திறந்த கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அங்கே காலியாக இருப்பவை அடுத்தடுத்த இரண்டு இடங்கள்தான் என்று டெர்வ்லா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவன் பக்கத்துல கிடக்கறதுக்கு இவர் பக்கத்துலயே கிடந்துட்டுப் போறேன்," என்றார் அட்ராக்டா.

மாதாகோவில் மண்டபத்தில் தேநீர் போட்டிருந்தார்கள். இறங்கும் பாதை ஈரமாக இருந்தது. மாலக்கி கையை நீட்டினார். அட்ராக்டா பிடித்துக்கொண்டார். நட்டலில் தொடங்கி, அவன் பிள்ளைகுட்டி, பேரன்பேத்தி என்று அவனுடைய வம்சம் முழுவதையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே இருவரும் இறங்கிப் போனார்கள்.

டெர்வ்லா உடனே போகவில்லை. கல்லின் அடியில் மண்டியிருந்த புல்லை விலக்கி, கண்ணாடி வெயிலை அங்கே இறக்கினாள். இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

'அன்பு மனைவி நோரா, லவெல் வீட்டு மகள். இந்தக் கல்லை வைத்தது, இவர்களுடைய ஒரே மகள் கேத்தரின் கின்னலி.'

நோரா மாலக்கியின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தங்கை. கேத்தரின் அட்ராக்டாவின் கொள்ளுப்பாட்டி. நாலு தலைமுறையாக இரண்டு வீட்டாரும் சொல்லி வந்ததில் ஒரு பொய்யும் இல்லை.

கீழே மாலக்கி ஏதோ சொல்ல, அட்ராக்டா நின்று சிரித்துவிட்டு, மறுபடியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

டெர்வ்லா புல்லை இழுத்து மூடி, அதன்மேல் ஏறி நின்று நன்றாக மிதித்தாள்.