இரண்டு அட்டைகள்

"வீட்டைப் பூட்டினீங்களா?"

ஆட்டோ ஏர்போர்ட் ரோடைத் தொட்டதும் மௌரீன் கேட்டாள்.

"பூட்டினேன்மா" என்றார் லாயிட்.

"இழுத்துப் பார்த்தீங்களா?"

லாயிட் வெளியே வேடிக்கை பார்த்தார். அவர் வேடிக்கை பார்த்தால் என்ன அர்த்தம் என்று முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

"முனிராஜ், வண்டியைத் திருப்புப்பா."

"அம்மா, ஃப்ளைட்டு போயிடும்" என்று புலம்பிக்கொண்டே ஆட்டோக்கார முனிராஜ் திருப்பினார்.

நீலசந்திராவில் அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. சாவியும் அதிலேயே இருந்தது. மௌரீன் பூட்டி, நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள்.

"ரிட்டயர் ஆன அப்பா பென்குவின் பார்க்கட்டும்னு பிள்ளை கனடாலேருந்து டிக்கெட் அனுப்பறான். அப்பா வீட்டைத் திறந்து போட்டுட்டு வர்றாரு. உங்களை நம்பினா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

லாயிட்டுக்குச் சுருக்கென்றது. இந்தப் பயணம் முடிகிறவரை இவளிடம் இன்னொரு பேச்சு வாங்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

விமானத்தில் போய், பிறகு கப்பல் ஏறி, பத்தாவது நாள் அன்டார்டிகாவில் கப்பல் நின்றது. ரப்பர் படகுகளில் ஏறிக் கரைக்குப் போய் பென்குவின்களைப் பார்த்து வர வேண்டும்.

படகில் இறங்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு நம்பர் அட்டை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. இறங்கும்போது சிவப்பு தெரியும்படி திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் வெள்ளைக்கு மாற்ற வேண்டும். அவரவர் அட்டையை அவரவரே திருப்ப வேண்டும் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஏணியில் ஒரு காலை வைத்த மௌரீன், "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போய்விட்டு வந்தாள். கையுறையை மறந்திருப்பாள் என்று லாயிட் நினைத்தார். மறதி தனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

படகில் பத்துப் பேர் இருந்தார்கள். பனிக்கட்டிகள் இரண்டு பக்கமும் உரசின. ஒரு கட்டியின் மேல் படுத்திருந்த கடல்நாய் தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. மௌரீன் கணவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஊர் அல்சூர் ஏரியிலகூட நான் படகு ஏறினதில்லைங்க. இந்த ஐஸ் குத்திச்சுன்னா ரப்பர் கிழிஞ்சிடாதா?"

"அதெல்லாம் கிழியாது. நீ பென்குவினைப் பாரு."

கரை முழுக்கப் பென்குவின்கள். லாயிட் கேமராவோடு அலைந்தார்.

"மூணு மணிக்குக் கடைசி படகாம். பனிப்புயல் வருது, உடனே கிளம்பணும்னு கேப்டன் சொன்னாரு. வாங்க போலாம்."

"ஒரே ஒரு படம். அந்தப் பாறைக்குப் பின்னால ஒரு குஞ்சு இருக்கு."

பாறைக்குப் பின்னால் போனதும் மௌரீனின் கால் முழங்கால்வரை பனியில் புதைந்தது. லாயிட் இழுத்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. பூட்ஸைத் தோண்டி எடுத்து மாட்டுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அப்போது மோட்டார் சத்தம் கேட்டது. அது தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடி வந்து பார்த்தார்கள். கரையில் பென்குவின்களைத் தவிர யாரும் இல்லை. கடைசிப் படகு கப்பலை நெருங்கிவிட்டது.

"ஹலோ! நில்லுப்பா! நாங்க இருக்கோம்!"

மௌரீனின் குரலைக் காற்று எங்கோ கொண்டுபோனது. முகத்தில் பனித்தூள் சுரீர் சுரீரென்று அடித்தது.

"மாதாவே! எப்படிங்க நம்மளை விட்டுட்டுப் போனாங்க?"

"நாம இன்னொரு படகுல ஏறியிருப்போம்னு ஒவ்வொரு படகுக்காரனும் நினைச்சிருப்பான்."

"ராத்திரி முழுக்க இங்க நின்னா விறைச்சுச் செத்துடுவோம்."

அவள் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. லாயிட்டுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது.

"பயப்படாதே. பலகையில நம்ம அட்டை ரெண்டும் சிவப்பா இருக்கு. அதைப் பார்த்த உடனே படகை அனுப்புவாங்க. எல்லா அட்டையும் வெள்ளையாகிற வரைக்கும் கப்பல் ஒரு அடி நகராது."

கப்பல் நீளமாக ஒரு ஹாரன் அடித்தது.

"கேட்டியா? நம்மளைத்தான் தேடறாங்க."

மௌரீன் அவரையே பார்த்தாள். "அட்டை சிவப்பா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டிருந்தப்ப ரெண்டையும் நானே திருப்பினேன். உன்கிட்ட எத்தனை நாளைக்குத்தான் பேச்சு வாங்கறது?"

மௌரீன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க மறந்திருப்பீங்கன்னு நான் கலரைக்கூடப் பார்க்கலையே! திரும்பப் போயி ரெண்டையும் திருப்பி வச்சுட்டு வந்தேங்க!"