வாய் தவறி வந்த வார்த்தை

"கேட்டியா கூத்தை?" என்று கண்ணாடிக் கடை முதலாளி செல்போனை நீட்டினார். "வருஷக்கணக்கா, 'எனக்குக் குடும்பமே கிடையாது, ஜனங்கதான் என் குடும்பம்'னு சொல்லிட்டிருந்த தலைவர், நேத்து மேடையில உளறினதைப் பாரு."

செல்போனில் தலைவரின் கரகரத்த குரல் ஒலித்தது. "ஒழுகுற வீட்டோட கஷ்டம் எனக்கும் தெரியும். இடி இடிச்சா என் பொண்ணு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்குவா..."

"இன்னிக்குக் காலையில கேட்டா, பேச்சு வேகத்துல வாய் தவறிடுச்சாம். பொண்ணும் இல்ல, புண்ணாக்கும் இல்லையாம்! பேச்சுலயே சுத்தம் இல்லாதவரு ஆட்சியில எப்படி இருப்பாரு? இவருக்கா உன் ஓட்டு?"

ஏற்கெனவே பளிச்சென்றிருந்த லென்ஸை மறுபடி துடைத்துக்கொண்டிருந்த கடைப் பெண் நிமிரவில்லை.

"வாய் தவறுறது எல்லாருக்கும் சகஜம்தானே அண்ணே. மன்னிச்சு விட்டுடலாம். அதை இன்னொரு தடவை போடுங்களேன்."

"மறுபடியும் கேக்கணுமா? கட்சிக்காரங்களே தோத்தாங்க உன்கிட்ட!"

கடைக்குள் யாரோ மூக்குக் கண்ணாடி கேட்டு வர, முதலாளி எழுந்து போனார். அவள் பின்னறைக்கு ஓடி அம்மாவுக்கு போன் போட்டாள்.

"வீடியோ பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்டி." அம்மாவின் குரல் தணிந்தது. "அதான் இன்னிக்கு இல்லவே இல்லைன்னுட்டாரே. மனசுல எதையும் வளர்த்துக்காதே."

"அது எப்பவும் சொல்ற பொய்தானேம்மா, பழகிடுச்சு" என்றாள் அவள். "ஆனா எனக்கு இடின்னா பயம்ங்கிறது அப்பாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."